இரண்டு ஊர்த் தண்ணீரும் ஒரு சிவப்பு பார்டரும்

புதிதாக ஒட்டுப்போர்வை தைக்க வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஊசி நம்பரைத்தான். அடுத்தது பஞ்சு ஷீட் எவ்வளவு கனம் இருக்க வேண்டும், ஓரப் பட்டையை மூலையில் எப்படித் திருப்ப வேண்டும் என்பது. நல்ல கேள்விகள்தான். ஆனால் அதற்கெல்லாம் பதில் உங்கள் கையில் இருக்கும் போனிலேயே கிடைக்கிறது. என்னைவிட அழகாகச் செய்து காட்டுகிறார்கள். உச்சிப்புளியில் இருபத்தெட்டு வருடம் தையல் கடை வைத்திருந்து, முதுகுவலி தாங்காமல் மெஷினை விட்டு எழுந்தவள் நான். எங்கே தப்பு செய்தாய், தப்பு என்று தெரிந்ததும் முதல் பத்து நிமிடம் என்ன செய்தாய் என்று என்னிடம் கேளுங்கள். அதைச் சொல்லித்தர எனக்கு நிறைய இருக்கிறது.

ஒரே ஒரு போர்வையைப் பற்றிச் சொல்கிறேன். அது நான் கடையை விடுவதற்கு முந்தைய வருடம் தைத்தது.

கடையில் நானும் மைமூனும் இரண்டே பேர். துண்டுகளை இணைத்து மேல்துணி ஆக்குவது என் மெஷின் வேலை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போடுவது மைமூன் வேலை. தேவிபட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். புருஷன் வெளிநாட்டில். என் வயதுதான், அதனால் என்னை வாய்க்கு வந்தபடி பேசுவாள். அவள் கைத்தையல் எறும்பு வரிசை மாதிரி இருக்கும்.

ஒரு நாள் காலையில் செல்வி என்று ஒரு பெண் துணிப்பையோடு வந்தாள். நாற்பது வயது இருக்கும். சொந்த ஊர் கடலாடி, கட்டிக்கொடுத்தது கோயம்புத்தூர். பையைத் திறந்து ஏழு வெள்ளைச் சட்டைகளை மேஜைமேல் வைத்தாள்.

"எங்க அய்யா சட்டைக்கா. கடலாடியில பத்திரம் எழுதிக்கிட்டு இருந்தாக. போன வருசம் தவறிட்டாக. அம்மாவ நான் எங்கூட கூட்டிட்டுப் போயிட்டேன். அவுகளுக்கு இப்ப ஞாபகம் நிக்க மாட்டேங்குது."

"யாரையும் தெரியலையா?"

"என்னையவே நர்ஸும்மாங்கிறாங்க. ஆனா இந்தச் சட்டை மட்டும் வேணும். ஒண்ண எடுத்துக் கையில வச்சுக்கிட்டு அடுத்ததத் தேடுறாங்க. போன வாரம் ஒரு சட்டை பால்கனியில இருந்து கீழ விழுந்துருச்சு. எடுக்கப் போறேன்னு படியில எறங்கி, நல்லவேளை எதிர்வீட்டு அக்கா பாத்தாங்க. எல்லாத்தையும் சேத்து ஒண்ணா தச்சுக் குடுத்தீங்கன்னா மடியில போட்டுக்கிட்டு ஒரு எடத்துல இருப்பாங்க."

அவள் இருக்கும்போதே வெட்ட ஆரம்பித்தேன். கழுத்துப் பட்டை, கைமுனை எல்லாம் கனமான துணி, போர்வைக்கு ஆகாது. அவற்றை வெட்டி ஒதுக்கினேன். ஐந்தாவது சட்டையின் பையில் பேனா மை கசிந்து ஒரு கறை, உள்ளங்கை அகலம். நல்ல நீலம். பழைய கறை, வெளுத்து வெளுத்து ஓரம் மங்கியிருந்தது. கறைத்துணி எதற்கு என்று பையைச் சுற்றிக் கத்தரியை வைத்துவிட்டேன்.

"யக்கா!" என்று செல்வி என் கையைப் பிடித்துவிட்டாள். "அது வேணும். அம்மா அதத்தான் தடவிக்கிட்டே இருப்பாங்க."

கத்தரி ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தது. அந்த வெட்டை மைமூன் பிறகு நூல் தெரியாமல் மூடினாள். எனக்குக் கறையாகத் தெரிந்ததற்காகத்தான் அந்தப் பெண் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள். அதற்குப் பின் நினைவுத்துணி எது வந்தாலும், எதை வெட்டக் கூடாது என்று கேட்டு, அந்த இடத்தில் ஒரு பின் குத்திவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவேன்.

இதுவாவது சின்னத் தப்பு. பெரியதை நானே ஆசைப்பட்டுச் செய்தேன்.

ஏழு வெள்ளைச் சட்டையையும் இணைத்து விரித்துப் பார்த்தபோது எனக்கு அது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு மாதிரி இருந்தது. சுற்றி ஒரு சிவப்பு பார்டர் கொடுத்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. செல்விக்குப் போன் போட்டுக் கேட்டேன். "உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ செய்ங்கக்கா" என்றாள். ராமநாதபுரம் போய் நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பில் பருத்தித்துணி வாங்கி வந்தேன். வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு வைத்தால் சாயம் பார்க்காமல் தைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்தேன். தண்ணீர் நிறம் மாறவில்லை. ஈரத்தோடு வெள்ளைத்துணியில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். ஒட்டவில்லை. மனசு நிம்மதியாகி, தைத்து, கூரியரில் அனுப்பிவிட்டேன். அம்மா மடியை விட்டு எடுப்பதே இல்லை என்று, போர்வை போய்ச் சேர்ந்த மறுநாளே செல்வி போன் செய்தாள்.

அடுத்த போன் இரண்டு வாரம் கழித்து வந்தது. காலை பத்து மணி இருக்கும். கடைக்கு மேலே, பக்கத்துக் கடற்படைத் தளத்தின் ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டிருந்ததால் முதலில் எதுவும் கேட்கவில்லை. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, போர்வையெல்லாம் செவப்பாயிருச்சுக்கா. அய்யா சட்டையெல்லாம் ரோஸு ரோஸா ஆயிருச்சு."

"தொவச்சீங்களா?"

"அம்மா நனைச்சுட்டாங்க. அதான் தொவச்சேன்."

இங்கேதான் கவனியுங்கள். அந்த நிமிடத்தில் என் மண்டைக்குள் ஓடியது போர்வை இல்லை, அந்த அம்மாவும் இல்லை. நான் சோதித்துப் பார்த்தேனே என்பதுதான்.

"எதுல போட்டீங்க? மெஷின்லயா? ப்ளீச் கிளீச் ஊத்துனீங்களா?"

"கையாலதான்க்கா. சோப்புத்தூள் கொஞ்சம் போட்டேன்."

"சும்மா தொவச்சா சாயம் எப்படிப் போகும்? நான் இங்கன நனைச்சுப் பாத்துட்டுத்தான தச்சேன்? நீங்க என்னத்தையோ ஊத்தியிருக்கீங்க."

அவள் அழுகையை நிறுத்தினாள். பிறகு சொன்னாள். "அய்யா சட்டையாச்சேன்னு போர் தண்ணியில கூட நனைக்கலக்கா. அடுப்படியில இருந்து நல்ல தண்ணியாப் புடிச்சுட்டு வந்து தொவச்சேன். நான் போயி ப்ளீச் ஊத்துவேனா?"

போனை வைத்துவிட்டாள்.

மைமூன் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். "என்ன வள்ளி, செயிச்சிட்டியா?"

எனக்கு வந்த கோபத்தில் துண்டுத்துணிப் பெட்டியை இழுத்தேன். தைத்த ஒவ்வொரு போர்வையின் மிச்சத்தையும் தனித்தனிப் பையில் போட்டு வைப்பது என் வழக்கம். செல்வியின் பையிலிருந்து சிவப்பில் ஒரு துண்டை எடுத்து, வாளித் தண்ணீரில் போட்டு, மைமூன் மூக்குக்குக் கீழே நீட்டினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

"பாரு. சாயம் போகுதா?"

"போகல."

"அப்ப நான் சொன்னது சரிதான?"

"நீயும் பொய் சொல்லல. அந்தப் புள்ளயும் பொய் சொல்லல. ஏன் பொய் சொல்லப் போகுது? அவுக வாப்பா சட்டை. அப்ப ரெண்டு எடத்துக்கும் நடுவுல என்னமோ ஒண்ணு மாறியிருக்கு. அது என்னன்னு பாரு."

அவள் அப்படிச் சொன்னதும் என் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதுவரை நான் எனக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். இப்போது உண்மையிலேயே எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. அதே துணி, அதே சாயம். இங்கே போகவில்லை, அங்கே போகிறது. ஏன்?

முதலில் சோப்பு என்று நினைத்தேன். வாளியில் சோப்புத்தூளைப் போட்டுக் கலக்கினேன். எங்கள் கடை போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. உப்புத் தண்ணீர். பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக மிதக்கும். அதில் துணியைப் போட்டால் ஒன்றும் தெரியவில்லை.

மைமூன் டீக்காகக் கேனிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். "இதுல கரைச்சுப் பாரு, நுரை வரும்" என்று அதைப் பாதி ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். சோப்புத்தூளைப் போட்டேன். பொங்கி நுரைத்தது. சிவப்புத் துண்டை உள்ளே விட்டேன்.

துணியின் ஓரத்திலிருந்து சிவப்பு நூல் நூலாக இறங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணம் பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது.

"யா அல்லா" என்றாள் மைமூன்.

இன்னொரு கிண்ணத்தில் சோப்பே இல்லாமல் வெறும் கேன் தண்ணீர் ஊற்றி இன்னொரு துண்டைப் போட்டேன். அதுவும் சிவந்தது. மெதுவாக, ஆனால் நன்றாகவே சிவந்தது. சோப்பு இல்லை, தண்ணீர்தான் காரணம். எங்கள் உப்புத் தண்ணீர் அந்தச் சாயத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறது. உப்பில்லாத தண்ணீர் பட்டதும் சாயம் அவிழ்ந்துகொண்டது. செல்வி வீட்டு அடுப்படிக் குழாயில் வருவது சிறுவாணி ஆற்றுத் தண்ணீர், உப்பே கிடையாது. அப்பா சட்டை கெட்டுவிடக் கூடாது என்று அவள் குடம் குடமாகத் தூக்கி வந்த அந்த நல்ல தண்ணீர்தான் இதைச் செய்திருக்கிறது. அவளைத்தான் நான், என்னத்தையோ ஊற்றினாய் என்று கேட்டிருக்கிறேன்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. எப்படிச் சரிசெய்வது என்று அப்போது எனக்கும் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் தெரியும். சாயம் ஈரத்தில் இருக்கும்வரைதான் வழி உண்டு. வெயிலில் காய்ந்துவிட்டால் வெள்ளையில் ஏறியது ஏறியதுதான். அதனால் வாட்ஸ்அப்பில் குரலில் பேசி அனுப்பினேன்.

"செல்வி, தப்பு என்னோடதும்மா. நீங்க ஒண்ணும் செய்யல. எங்க ஊரு தண்ணிய நம்பி நான் ஏமாந்துட்டேன். எம்மேல எவ்வளவு கோவம் வேணா படுங்க. ஆனா போர்வையக் காயப் போட்டுறாதீங்க. எடுத்துத் தண்ணியில முக்கி வைங்க. வெளக்கம் அப்பறம் சொல்றேன்."

இரண்டு நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள். "கொடியில போட்டுட்டேனேக்கா. மறுபடியும் தண்ணியிலயா? அது தண்ணியிலதானக்கா கெட்டுச்சு?"

"தெரியும்மா. என்னைய நம்பி எடுத்துப் போடுங்க."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பொய் சொல்கிறாய் என்று சொன்ன ஆளை நம்பச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது புரிந்தது. இருந்தும் அவள் எடுத்துப் போட்டாள்.

அடுத்ததாக இன்னொரு பெரிய தப்பைச் செய்யப் போனேன். உப்புத் தண்ணீரில்தான் சாயம் போகவில்லையே, அப்படியானால் ஒரு கிலோ கல் உப்பை வாங்கி அந்தத் தண்ணீரில் கொட்டச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் செல்விக்கு அதைச் சொல்லப் போனை எடுத்துவிட்டேன்.

மைமூன் போனைப் பிடுங்கி வைத்தாள். "மொதல்ல துண்டுல போட்டுப் பாரு. ஒரு தடவ சொல்லிக் கெடுத்தது போதும்."

வெள்ளைச் சட்டையின் மிச்சத்தில் இரண்டு துண்டு எடுத்து, சிவப்புத் தண்ணீரில் முக்கி ரோஸாக்கினோம். ஒன்றைக் கேன் தண்ணீரில் உப்புப் போட்டு அதில் போட்டேன். இன்னொன்றைக் கொதிக்கக் கொதிக்கக் கேன் தண்ணீர் நிறைய ஊற்றி, பாத்திரம் கழுவும் லிக்விட் தாராளமாக விட்டு அதில் போட்டேன். உப்பில் போட்டது அப்படியே ரோஸாக நின்றது. அலசினாலும் போகவில்லை. வெந்நீரில் போட்டது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. உப்பு சிவப்பில் சாயத்தைப் பிடித்து வைப்பது போலவே வெள்ளையிலும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மைமூன் தடுக்காமல் இருந்திருந்தால் அந்த ரோஸை நானே நிரந்தரமாக்கியிருப்பேன்.

இருந்தாலும் என் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. பரமக்குடியில் நூலுக்குச் சாயம் போடும் ஒரு பெரியவரை எப்போதோ ஒரு ஆர்டருக்காகத் தெரியும். அவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"உப்பு போட்டுத்தானம்மா நாங்க சாயத்தையே நூல்ல ஏத்துறோம்" என்றார். "நீங்க எறக்கணும்ல? நல்ல தண்ணி, சூடு, நெறைய தண்ணி. துணி அதுல நீந்தணும். தண்ணி செவந்தா ஒடனே மாத்தணும், நிக்க விடக் கூடாது. நனைச்சு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"அப்ப எங்கிட்ட என்ன பேச்சு? போங்க, போங்க."

செல்வியை வீடியோவில் கூப்பிட்டேன். குளியலறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் போர்வை கிடந்தது. தண்ணீர் இளஞ்சிவப்பு. செய்ய வேண்டியதைச் சொன்னேன். அவள் அடுப்படிக்கும் குளியலறைக்கும் ஓடினாள். முதல் தண்ணீர் கால்மணி நேரத்தில் சிவந்தது. மாற்றினாள். இரண்டாவதும் சிவந்தது.

"அக்கா, நல்ல தண்ணி தீந்துபோச்சு. இனிமே நாளான்னைக்குத்தான் விடுவாங்க. பாத்ரூம்ல போர் தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. அத ஊத்தவா?"

"வேண்டாம்மா! அது எங்க ஊரு தண்ணி மாதிரி. ஊத்துனா ரோஸு நின்னுரும். அக்கம்பக்கத்துல கேளுங்க."

அவள் போனைப் பக்கெட் மேல் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனாள். வெறும் சுவரையும் டப்பின் விளிம்பையும் பார்த்துக்கொண்டு இங்கே நானும் மைமூனும் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் பேச்சுக் குரல்கள். எதிர்வீட்டு அக்கா ஒரு குடம், கீழ்வீட்டில் இரண்டு குடம், யாரோ ஒரு பெரியவர் குடிக்க வைத்திருந்த கேனையே தோளில் தூக்கி வந்துவிட்டார். என்ன துணி, ஏன் இந்தப் பாடு என்று யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. அந்த அம்மா படியில் இறங்கிய கதை அந்தக் கட்டடத்துக்கே தெரிந்திருக்கும்.

மூன்றாவது தண்ணீரில் போர்வை ஊறிக்கொண்டிருந்தபோதுதான் செல்வியின் அம்மா உள்ளே வந்தார். மெலிந்த உருவம். காலையிலிருந்து மடியில் ஒன்றும் இல்லாமல் வீடு முழுக்க நடந்துகொண்டிருந்தாராம். டப்பைப் பார்த்தார். சேலையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கையை உள்ளே விட்டு, ஒரு ஓரத்தை எடுத்து, இரண்டு கையாலும் கசக்க ஆரம்பித்தார்.

"அம்மா, விடும்மா" என்று செல்வி பதறினாள். பிறகு போனைப் பார்த்து, "அக்கா, கசக்குறாங்க. கசக்கலாமா? தையல் விட்டுருமா?"

இதற்கு எந்த வகுப்பிலும் பதில் கிடையாது. தொழில்படி பார்த்தால் கசக்கவே கூடாது. பஞ்சு வைத்த போர்வை ஈரத்தில் கல் மாதிரி கனக்கும். கசக்கினால் கைத்தையல் அறுந்துவிடும், பஞ்சு திரண்டுவிடும். அதோடு அந்த மைக்கறையும் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குள் பயம். நான் மைமூனைப் பார்த்தேன். அது அவளுடைய தையல், அவளுடைய இருபது நாள். அவள் போன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தையல் விடும்னு சொல்லு. விட்டா நாம தச்சுக்குவோம். அவுக தொவைக்கட்டும்" என்றாள்.

அதையே செல்வியிடம் சொன்னேன்.

அந்த அம்மாவின் கை போர்வையில் எதையோ தேடியது. கழுத்துப் பட்டையாக இருக்க வேண்டும். அழுக்கு சேருமிடம் அதுதானே? அதை நான் வெட்டி ஒதுக்கியிருந்தேன். தேடிக்கொண்டே வந்து பையைக் கண்டுபிடித்தார். மைக்கறையைப் பார்த்தார். சோப்பு நுரையை வழித்து அதன்மேல் வைத்துக் கட்டை விரலால் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே சத்தமாகச் சொன்னார்.

"எத்தனை தடவதான் சொல்றது? மூடிய இறுக்கித் திருகிட்டுப் பையில வைங்கன்னு."

செல்வி சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

நான்காவது தண்ணீர் லேசாகத்தான் நிறம் மாறியது. ஐந்தாவது தெளிந்து நின்றது. நிழலில், இரண்டு கொடிக்கு நடுவே தொட்டில் மாதிரிப் போட்டுக் காயவைக்கச் சொன்னேன். மைக்கறை அப்படியே இருந்தது. அத்தனை வருடம் தேய்த்தும் போகாதது அன்றைக்கா போகப் போகிறது? சிவப்பு பார்டர் வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. வெள்ளையெல்லாம் வெள்ளையாகத் திரும்பியது, ஒரு மூலைத் துண்டைத் தவிர. பார்டரோடு மடங்கி நசுங்கிக் கிடந்த துண்டு அது. அங்கே ரோஸ் தங்கிவிட்டது.

தையல் பல இடத்தில் விட்டிருந்தது. பஞ்சு இரண்டு இடத்தில் திரண்டுவிட்டது. அம்மா அசந்து உறங்கும் நேரமாகப் பார்த்து எடுத்து, கூரியரில் அனுப்பச் சொன்னேன். அதுவரை அந்த அம்மா கையில் கொடுக்க அவர் கணவரின் சட்டை மிச்சத்தில் இரண்டு துண்டைத் தைத்து அதற்கு முன்பே நான் அனுப்பிவிட்டேன்.

போர்வை வந்து சேருவதற்குள் எங்கள் கடை ஒரு பள்ளிக்கூடப் பரிசோதனை அறை மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அந்தத் தண்ணீர் விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. ஜன்னல் விளிம்பில் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்தேன். எங்கள் போர் தண்ணீர், தெருக்குழாயில் வரும் காவிரித் தண்ணீர், கேன் தண்ணீர், ஒரு நாள் மழை பெய்தபோது ஓட்டிலிருந்து பிடித்த தண்ணீர். மைமூன் அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் கடல் தண்ணீரையும் பாட்டிலில் கொண்டுவந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் அவள் புர்காவையும் இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேவிபட்டினம் கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கோயிலை நினைத்து, நவபாஷாணத் தீர்த்தமா என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"ஆமாங்க, உச்சிப்புளியில ஒரு அம்மாவுக்குப் புத்தி தெளியறதுக்குன்னு சொன்னேன்."

எல்லாவற்றிலும் அதே சிவப்புத் துண்டு ஒவ்வொன்று போட்டோம். கடல் தண்ணீரில் துளி நிறம் இறங்கவில்லை. எங்கள் போரிலும் இல்லை. அவள் வீட்டுக் கிணற்றில் லேசாக. காவிரியில் நன்றாக. மழைத் தண்ணீரில்தான் எல்லாவற்றையும்விட அதிகம், அரைமணியில் ரத்தச் சிவப்பு. இத்தனை வருடமாக நான் சோதனை என்று செய்துவந்தது இந்த ஊர் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் சோதனை. என் போர்வைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிருக்கின்றன. எத்தனை பேர் நாம்தான் தப்பாகத் துவைத்துவிட்டோம் என்று நினைத்து எனக்குச் சொல்லாமலே இருந்தார்களோ. அன்றிலிருந்து அழுத்தமான நிறம் எதையும் கேன் தண்ணீரில் நனைத்துப் பார்க்காமல் தொடுவதில்லை. ஆர்டர் எடுக்கும்போது உங்கள் வீட்டில் துவைக்க எந்தத் தண்ணீர் என்று கேட்பேன். சிலர் விநோதமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

போர்வை வந்தது. மைமூன் அறுந்த இடமெல்லாம் மறுபடி தைத்தாள். நான் திரண்ட பஞ்சைப் பிரித்துச் சமன் செய்தேன். அந்த ரோஸ் துண்டை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். ஒரு சட்டையின் முழுக்கை மிச்சம் இருந்தது, நல்ல வெள்ளை. அளவெடுத்து வெட்டியும் வைத்துவிட்டேன். தையலைப் பிரிக்கக் கத்தியை எடுத்தபோது, கேட்காமல் செய்யக் கூடாது என்று செல்வியைக் கூப்பிட்டேன்.

"அந்த மூலைத் துண்ட மாத்திரட்டுமா? தெரியவே தெரியாது, புதுசு மாதிரி ஆக்கிருவேன்."

"அய்யோ, தொட்டுறாதீங்கக்கா" என்றாள். "நானே உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். காஞ்சு எடுத்துக் குடுத்தன்னைக்கு அம்மா அந்த ரோஸு துண்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பறம் சிரிக்கிறாங்க. கல்யாணத்தன்னைக்கு வாசல்ல ஆரத்தி சுத்துறப்ப தங்கச்சிக்காரி தட்டோட சாய்ச்சு, அந்தத் தண்ணியப் பூராம் மாப்பிள்ளை சட்டையில ஊத்திட்டாளாம். வேற வெள்ளைச் சட்டை இல்லாம, அந்த ரோஸு சட்டையோடவே சாயங்காலம் வரைக்கும் உக்காந்து இருந்தாங்களாம் அய்யா. எனக்கு இத யாரும் சொன்னதே இல்லக்கா."

"ஞாபகம் இல்லாதவங்க சொல்றதுதானம்மா. நெசமா நடந்ததா இருக்குமா?"

"எனக்கும் அப்படித்தான்க்கா இருந்துச்சு. கடலாடிக்குப் போன் போட்டு எங்க சித்தியக் கேட்டேன். தட்டச் சாய்ச்ச தங்கச்சி அவுகதான். 'அடியே, யாருடி ஒனக்குச் சொன்னா? உங்கய்யாகிட்ட நான் அதுக்கு மன்னிப்பே கேக்கலடி'ன்னாங்க. அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்பி வந்துட்டாங்க. இங்கதான் அம்மா பக்கத்துல உக்காந்திருக்காங்க."

கத்தியை மூடி டப்பாவில் போட்டேன். வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துண்டை மடித்துப் போர்வையோடு சேர்த்துக் கட்டி, அன்று மதியமே கூரியரில் கொடுத்துவிட்டு வந்தேன்.